மடியில் கனம் யாருக்கு?

“மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை” என்பதுதான் கண்காணிப்பு குறித்துத் தமிழ்நாட்டில் இன்று மேலோங்கி நிற்கும் கருத்து. தெருமுனைக்குத் தெருமுனை கேமரா வைத்தால் குற்றம் குறையும், முகத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் மென்பொருள் வந்தால் காவல் துறையின் வேலை எளிதாகும், தொலைபேசியை ஒட்டுக் கேட்டால்கூடத் தவறு செய்யாதவருக்கு என்ன நட்டம் என்று படித்தவர்களும் பேசுகிறார்கள். ஒவ்வொரு கொடிய குற்றத்துக்குப் பிறகும் தொலைக்காட்சி விவாதங்கள் “இன்னும் கேமரா வேண்டும்” என்ற முடிவுக்கே வந்து சேர்கின்றன. இந்தக் கருத்து தவறானது. செங்கல்பட்டு மாவட்டமும் மாமல்லபுரம் கடற்கரையும் கடந்த பத்தாண்டுகளில் கண்டவற்றைக் கொண்டே அதைக் காட்ட முடியும்.

பழமொழியே இவர்களுக்குத் துணை நிற்கவில்லை. மடியில் பணமுடிப்பைக் கட்டிக்கொண்டு போகும் வழிப்போக்கன் வழிப்பறிக்காரனுக்கு அஞ்சுகிறான். அவன் குற்றவாளி அல்ல. பறிகொடுக்கக்கூடிய ஒன்றை வைத்திருப்பவன். குடிமக்கள் ஒவ்வொருவரிடமும் அப்படிப்பட்ட கனம் இருக்கிறது: பெயர், முகம், முகவரி, யாரோடு பேசினார், எங்கே போனார், எந்த மருத்துவரைப் பார்த்தார் என்ற விவரங்கள். அவை யார் கையில் போய்ச் சேருகின்றன என்பதுதான் கேள்வி.

2019 அக்டோபர் 11, 12 நாட்களில் பிரதமர் நரேந்திர மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் எல்லாவற்றையும் இருவரும் சுற்றிப் பார்த்தார்கள். அதற்கு முன்பே ஊர் முழுவதும் கண்காணிப்பு கேமராக்கள் பொருத்தப்பட்டன. கடைகள் மூடப்பட்டன. சுற்றுவட்டார மீனவர்கள் கடலுக்குப் போகத் தடை விதிக்கப்பட்டது. கடலுக்குப் போகாத நாளில் மீன்பாடு இல்லை. மீன்பாடு இல்லாத நாளில் கூடை சுமந்து விற்கும் பெண்களுக்கும் வருமானம் இல்லை. திபெத்தியக் கவிஞரும் செயற்பாட்டாளருமான டென்சின் சுண்டுவே சந்திப்புக்குச் சில நாட்களுக்கு முன்பே விழுப்புரம் மாவட்டம் கோட்டக்குப்பத்தில் கைது செய்யப்பட்டார். சென்னையிலும் அதன் புறநகரிலும் தங்கிப் படித்த திபெத்திய மாணவர்கள் சிலரும் பிடித்து வைக்கப்பட்டார்கள். இவர்கள் யாரும் குற்றம் செய்துவிட்டுப் பிடிபட்டவர்கள் அல்ல. ஒரு பதாகையைத் தூக்கிப் பிடிக்கக்கூடும் என்ற ஐயமே போதுமானதாக இருந்தது. தவறு செய்யாதவருக்குக் கண்காணிப்பால் இழப்பில்லை என்று சொல்பவர்கள், வலையைச் சுருட்டிக் கரையில் வைத்த மீனவருக்கும் பதாகை பிடிக்கும் முன்பே சிறைக்குப் போன மாணவருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

அந்த இரண்டு நாட்களும் தொலைக்காட்சிகள் என்ன காட்டின என்பதும் இதோடு சேர்ந்த செய்திதான். பிரதமர் கட்டிய வேட்டி, விருந்தில் பரிமாறப்பட்ட சாம்பார், மறுநாள் காலை கடற்கரையில் அவர் குப்பை பொறுக்கிய காட்சி ஆகியவை மணிக்கணக்கில் ஓடின. எதிர்த்தரப்பும் உண்மையைத் தேடவில்லை. கடற்கரையில் படப்பிடிப்புக் குழு ஒன்று நிற்கும் படம், குப்பை பொறுக்கியது நாடகம் என்பதற்குச் சான்றாகப் பரப்பப்பட்டது. அது பல ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் எடுத்த படம் என்பது பிறகு தெரியவந்தது. ஒரு கரை புகழ்ந்தது, மறு கரை பொய்ப்படத்தைப் பகிர்ந்தது. நடுவில் பொருத்திய கேமராக்களின் பதிவு யாரிடம் இருக்கும், எத்தனை நாள் இருக்கும், விருந்தினர் போன பிறகு அவை யாரைப் பார்க்கும் என்ற கேள்விகள் செய்தியாகவில்லை.

கேமராக்களின் எண்ணிக்கையே சாதனையாகச் செய்திகளில் வருவது இந்த மனப்போக்கின் இன்னொரு பக்கம். 2021 தொடக்கத்தில் “உலகிலேயே கேமரா நெருக்கத்தில் சென்னை முதலிடம்” என்ற செய்தி நாளிதழ்களிலும் சேனல்களிலும் வந்தது. சர்ஃப்ஷார்க் என்ற தனியார் இணைய நிறுவனம் வெளியிட்ட கணக்கு அது: சதுர கிலோமீட்டருக்கு 657 கேமரா. அதே ஆண்டு ஆகஸ்டில் கம்பாரிடெக் என்ற மற்றொரு நிறுவனம் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் டெல்லி முதலிடம், லண்டன் இரண்டாமிடம், சென்னை மூன்றாமிடம். சென்னைக்கு ஒரு சதுர மைலுக்கு 610 கேமரா. ஒரு சதுர மைல் என்பது சுமார் 2.59 சதுர கிலோமீட்டர். அதாவது இரண்டாவது கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 235தான். ஒரே ஊர், ஒரே ஆண்டு, இரண்டு கணக்குக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மடங்கு வேறுபாடு. இரண்டையும் பெருமையாக வெளியிட்ட ஊடகங்கள் எது சரி என்று பார்க்கவில்லை. பொருத்தியவற்றில் எத்தனை இயங்குகின்றன என்றும் கேட்கவில்லை. இதே கம்பாரிடெக், கேமரா எண்ணிக்கைக்கும் குற்ற அளவுக்கும் சொல்லத்தக்க தொடர்பு தென்படவில்லை என்று தன் பட்டியலோடு சேர்த்தே எழுதியிருந்தது. அந்த வரி தலைப்புச் செய்தியாகவில்லை.

கேமரா குற்றத்தைக் குறைக்கிறதா என்பது ஆராயப்படாத விஷயம் அல்ல. 40 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து எரிக் பீசா, பிராண்டன் வெல்ஷ், டேவிட் ஃபாரிங்டன் முதலியோர் 2019இல் வெளியிட்ட மதிப்பாய்வு, கேமரா உள்ள இடங்களில் குற்றம் சுமார் 13 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. பயன் மிகத் தெளிவாகத் தெரிந்த இடம் வாகன நிறுத்துமிடங்கள். வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க குறைவு எதுவும் தென்படவில்லை. வண்டித் திருட்டைத் தடுக்கக் கேமரா உதவும் என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் மக்களிடம் கேமரா விற்கப்படுவது வண்டித் திருட்டைச் சொல்லி அல்ல, கொலையையும் பாலியல் வன்முறையையும் சொல்லி.

கேமரா ஆதரவாளர்களின் மிக வலுவான வாதம் 2016இல் பிறந்தது. அந்த ஆண்டு ஜூன் 24 காலையில், செங்கல்பட்டை அடுத்த மகேந்திரா சிட்டியில் வேலை பார்த்த இளம் பொறியாளர் ஒருவர், வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்தபோது நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். நிலையத்தில் கேமரா இல்லை. அக்கம்பக்கத்துக் கட்டடங்களின் கேமராக்களில் பதிவான உருவத்தைக் கொண்டே தேடல் தொடங்கியது. கேமரா இருந்திருந்தால் என்ற ஏக்கம் நியாயமானது. அதை யாரும் இகழ முடியாது. ஆனால் அடுத்து நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேனல்கள் அந்த உருவத்தை இரவும் பகலும் ஓட்டின. இறந்த பெண்ணின் குணத்தையும் பழக்கவழக்கத்தையும் பற்றி ஊகங்கள் பரவின. கைதானவர் செப்டம்பர் 18 அன்று புழல் சிறையில் இறந்துபோனார். வழக்கு விசாரணைக்கே வரவில்லை. அந்தப் பதிவுகள் நீதிமன்றத்தில் ஒருநாளும் சோதிக்கப்படவில்லை. பிடிபட்டவரை உயிரோடு நீதிமன்றம் வரை கொண்டுசேர்க்கும் கடமை கேமராவால் நிறைவேறாது. அது சிறையை நடத்தும் மனிதர்களின் பொறுப்பு.

மின்னணுப் பதிவைச் சான்றாக ஏற்க இந்தியச் சட்டம் நிபந்தனை வைத்திருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவு, 2023இல் வந்த பாரதிய சாட்சிய அதிநியத்தில் 63ஆம் பிரிவு: பதிவு எந்தக் கருவியில் எடுக்கப்பட்டது, எப்படி நகலெடுக்கப்பட்டது என்று பொறுப்பானவர் சான்றிதழ் தர வேண்டும். தொலைக்காட்சிக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்படுவதில்லை. “பதைபதைக்க வைக்கும் சிசிடிவி காட்சி” என்ற தலைப்பின் கீழ் ஓடும் பதிவு காவல் நிலையத்திலிருந்தோ கடையிலிருந்தோ எப்படி வெளியே வந்தது என்று எந்தச் சேனலும் சொல்வதில்லை. கண்காணிப்பும் பரபரப்பும் இங்கே ஒன்றையொன்று வளர்க்கின்றன. பரபரப்பு கேமராவுக்கு ஆதரவு திரட்டுகிறது, கேமரா பரபரப்புக்குச் செலவில்லாத காட்சியைத் தருகிறது.

2025 ஜனவரியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு அருகே நடந்த சம்பவம் வேறொன்றைக் காட்டுகிறது. இரவில் காரில் சென்ற பெண்களை வேறு கார்களில் வந்த இளைஞர்கள் துரத்தினார்கள், வழிமறித்தார்கள். அந்தக் காட்சியைப் பதிவு செய்தது காரில் இருந்தவர்களின் கைபேசி. அது மக்கள் பார்வைக்கு வந்த பிறகே வழக்கு வேகம் பெற்றது, கைதுகள் நடந்தன. துரத்திய காரில் கட்டியிருந்த கட்சிக்கொடி யாருடையது என்று விவாதிப்பதிலேயே சேனல்கள் நேரத்தைச் செலவிட்டன. இருட்டிய பிறகு அந்தச் சாலையில் பெண்கள் அச்சமின்றிப் போக என்ன ஏற்பாடு என்பது பின்னுக்குப் போனது. பாதிக்கப்பட்டவர் கையில் இருக்கும் கருவி அவருக்காகப் பேசுகிறது. அவருக்கு எட்டாத கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் பதிவு, அறையின் சாவி யாரிடமோ அவருக்காகவே பேசும். தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றக் கேள்வி இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

சாவி யாரிடம் என்பதற்குச் சாத்தான்குளத்தை விடக் கொடிய சான்று இல்லை. 2020 ஜூனில் ஊரடங்கின்போது காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவர், நிலையத்தின் கேமரா அமைப்பையும் சோதித்தார். ஹார்ட் டிஸ்க்கில் 1 டெராபைட் இடம் இருந்தது. பல நாட்களின் பதிவைத் தாங்கும். ஆனால் ஒவ்வொரு நாளின் பதிவும் தானாகவே அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள். அந்த இரவின் பதிவு இல்லை. உண்மையை வெளிக்கொண்டுவந்தது, அச்சத்தோடும் உறுதியோடும் அந்த நடுவரிடம் சாட்சியம் அளித்த ஒரு பெண் தலைமைக் காவலர். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும், பதிவுகளை 18 மாதம், இயலாவிட்டால் குறைந்தது ஓராண்டு பாதுகாக்க வேண்டும் என்று ஆணையிட்டது. தெருவைப் பார்க்கும் கேமரா ஓர் உத்தரவில் வந்துவிடுகிறது. அதிகாரத்தைப் பார்க்கும் கேமராவுக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

செங்கல்பட்டிலேயே 2022 டிசம்பர் 31 அன்று அரசு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். சிறு திருட்டுக் குற்றச்சாட்டில் கொண்டுவரப்பட்டவன். அடித்துக் கொன்றதாக இல்லத்தின் கண்காணிப்பாளர் உட்பட ஆறு ஊழியர்கள் கைது செய்யப்பட்டார்கள். பிறகு இத்தகைய இல்லங்களைச் சீர்திருத்துவது குறித்து ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. இல்லத்தின் பெயரிலேயே கூர்ந்து நோக்குவது இருக்கிறது. நோக்கப்பட்ட பிள்ளைக்கு, நோக்குகிறவர்களைக் கேள்வி கேட்க வழி இல்லாமல் இருந்தது.

அரசிடம் சேர்ந்த விவரங்கள் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கையும் நிற்கவில்லை. முகத்தைக் கொண்டு ஆளை அறியும் மென்பொருளைத் தமிழ்நாடு காவல் துறை 2021 முதல் மாநிலம் முழுவதும் பயன்படுத்துகிறது. ரோந்துக் காவலர் ஒருவர் ஐயப்படும் ஆளைக் கைபேசியில் படம் எடுத்து, காவல் துறையின் தொகுப்போடு ஒப்பிடலாம். 2024 மே மாதம் அந்த மென்பொருளின் இணைய வாசலுக்குள் ஊடுருவல் நடந்தது; நிர்வாகிக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் வழியே நுழைந்திருக்கிறார்கள் என்று காவல் துறையே விளக்கம் தந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அவர் துணிந்து கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை, அவருடைய அடையாள விவரங்களோடு காவல் துறை இணையதளம் வழியே வெளியே போனது. புதிய குற்றவியல் சட்டத்துக்கு மாறியபோது நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. அந்த மாணவியின் மடியில் இருந்த கனம் அவருடைய பெயர். அது பறிபோனது அரசின் கையிலிருந்து.

தொடர்ந்து நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. அறிக்கை எப்படிக் கசிந்தது என்று விசாரித்த குழு, செய்தியாளர்களின் கைபேசிகளைப் பறிமுதல் செய்தது. 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் தலையிட்டு, அவற்றைத் திருப்பித் தரவும் செய்தியாளர்களைத் துன்புறுத்தாமல் இருக்கவும் ஆணையிட்டது. கசிந்தது அரசின் கணினியிலிருந்து. சோதனைக்குப் போனதோ செய்தியாளரின் பை. பரபரப்புச் செய்தி கண்டிக்கத்தக்கதுதான். அதைக் காரணம் காட்டிச் செய்தியாளரின் கைபேசியை எடுப்பது, அவரை நம்பிப் பேசிய ஒவ்வொருவரையும் காட்டிக்கொடுப்பதாகும்.

முகத்தை அறியும் மென்பொருள் தவறு செய்யாது என்ற எண்ணம் ஊடகங்கள் ஊட்டியது. டெல்லி காவல் துறை 2018இல் தன் மென்பொருளின் துல்லியம் 2 சதவீதம் என்று டெல்லி உயர் நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டது. மென்பொருள்கள் அதன் பிறகு வெகுவாக மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் கணக்கு ஒன்று மாறாது. விடுமுறை நாளில் கடற்கரைக் கோயிலுக்கு 20,000 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் தேடப்படுபவர் இருவர். மென்பொருள் நூற்றுக்கு ஒரு முறை மட்டுமே பிழை செய்கிறது. அப்படியானால் அன்றைக்குத் தவறாகச் சுட்டப்படும் அப்பாவிகள் சுமார் 200 பேர். இருவரைத் தேடும் வேட்டையில் இருநூறு பேர் வரிசையில் நின்று தம்மை யாரென்று நிறுவ வேண்டும். பிழை எல்லோர் மீதும் சமமாக விழுவதும் இல்லை. ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் 2018இல் செய்த ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்கள் வெள்ளை ஆண்களிடம் 1 சதவீதத்துக்கும் குறைவாகவும், கருநிறப் பெண்களிடம் அதிகபட்சமாக 34 சதவீதத்துக்கு மேல் வரையும் தவறின. வெயிலில் கறுத்து உழைக்கும் கடற்கரைப் பெண்கள் நிறைந்த ஊரில் இதை அலட்சியம் செய்ய முடியாது.

கருவி யாருக்கு வேலை செய்கிறது என்பதைக் கடலோரம் நன்றாகவே அறிந்திருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் தாக்கியபோது, ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. பலர் திரும்பவே இல்லை. அதன் பிறகு இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவிகள் விசைப்படகுகளில் பொருத்தப்பட்டன. 364 கோடி ரூபாய்ச் செலவில் 1 லட்சம் படகுகளுக்கு அவற்றைத் தரும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அந்தக் கருவி படகு இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்கிறது. அதே நேரம் கரையின் எச்சரிக்கையைப் படகுக்கும், படகின் அபயக்குரலைக் கரைக்கும் கொண்டுபோகிறது. இருவழிப் பேச்சு இருப்பதால் மீனவர் அதை ஏற்கிறார். கண்காணிப்பை மறுப்பவர்கள் தொழில்நுட்பத்துக்கே எதிரிகள் என்ற குற்றச்சாட்டுக்கு இதுவே பதில். கோவளம், தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் கரைகளிலிருந்து பைபர் படகில் போகிறவருக்கும் அப்படியொரு கருவி வேண்டும். அவர் குப்பத்தின் வாசலைப் பார்க்கும் கேமரா அந்த வகையைச் சேர்ந்தது அல்ல.

அரசு மறைக்கும் இடத்தில்தான் பரபரப்பு முளைக்கிறது. மாமல்லபுரம் சந்திப்பு நடந்த அதே மாதக் கடைசியில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினியில் நச்சுநிரல் நுழைந்ததாகச் செய்தி பரவியது. அக்டோபர் 29 அன்று நிலைய நிர்வாகம், அப்படியொரு தாக்குதல் சாத்தியமே இல்லை என்றது. மறுநாள் இந்திய அணுமின் கழகம், நச்சுநிரல் கண்டறியப்பட்டது உண்மை என்று ஒப்புக்கொண்டது. அது நிர்வாகப் பணிக்கான கணினி. உலையை இயக்கும் அமைப்பு தனியாகவே இருந்தது. முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் “அணு உலை ஹேக்” என்ற தலைப்புகளுக்கு வேலை இருந்திருக்காது. அணுமின் நிலையம் உள்ள கல்பாக்கத்தைச் சுற்றி வாழ்பவர்கள் இப்படிப்பட்ட மறுப்பையும் நம்ப முடியாது, தலைப்பையும் நம்ப முடியாது.

தொலைபேசியை ஒட்டுக் கேட்பதற்கு நீதிமன்றம் எல்லை வகுத்திருக்கிறது. 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஊழல் வழக்கு ஒன்றுக்காக 2011இல் உள்துறை அமைச்சகம் பிறப்பித்த தொலைபேசி ஒட்டுக் கேட்பு உத்தரவை ரத்து செய்தார். பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இல்லாதபோது, குற்றத்தைத் துப்புத் துலக்க வேண்டும் என்பதற்காக மட்டும் ரகசியமாக ஒட்டுக் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை என்பது அந்தத் தீர்ப்பு. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்ததன் நேரடித் தொடர்ச்சி இது. நாடாளுமன்றம் எதிர்த்திசையில் போயிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கே கொடுக்கிறது. அதே சட்டத்தின் 44ஆம் பிரிவு, தனிநபர் தகவல் என்ற பெயரால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வாசலையும் குறுக்குகிறது. குடிமகன் தன்னை மறைத்துக்கொள்ளும் உரிமையும் அரசை அறிந்துகொள்ளும் உரிமையும் ஒரே சட்டத்தில் சுருங்கியிருக்கின்றன.

ஆகவே செங்கல்பட்டு மாவட்டத்தில் எந்த ஊராட்சியும் வணிகர் சங்கமும் கேமராவுக்குப் பணம் ஒதுக்கும் முன் சில விவரங்களைக் கேட்டுப் பெற வேண்டும்: பதிவு யார் பொறுப்பில், எத்தனை நாள், அதை யார் பார்த்தார் என்ற பதிவேடு உண்டா, தவறு நடந்தால் யாரிடம் முறையிடுவது. பதில் எழுத்தில் வராத கேமராவுக்குப் பணம் தர வேண்டியதில்லை. சேனல்களும் ஒரு சிசிடிவி காட்சியைக் காட்டும் முன் அது யாரிடமிருந்து வந்தது என்பதைச் சொல்லட்டும். முகத்தை அறியும் மென்பொருள் எவர் முகத்தை, எப்போது, எவர் அனுமதியோடு ஒப்பிடலாம் என்று வரையறுக்கும் தனிச் சட்டம் எதையும் தமிழ்நாடு சட்டமன்றம் இதுவரை இயற்றவில்லை.